பிரேக் நேரத்தில் எதைக் கதைப்பது?

தம்பி, ஸ்காபரோ வெயார்ஹவுஸில் சேர்ந்து மூன்று மாதம், பிரேக் நேரம் எல்லாரும் ஏதோ டிவி நாடகம் பற்றிக் கதைத்துச் சிரிக்கிறார்கள், நான் மட்டும் போனை நோண்டிக்கொண்டிருக்கிறேன், எதைப் பார்த்தால் அவர்களோடு சேரலாம், இங்கிலீஷும் வருமா என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் திருகோணமலை உவர்மலைப் பிள்ளை என்று வேறு எழுதிவிட்டீர்கள், பதில் போடாமல் இருக்க முடியுமா? நான் இப்போது லீவில் வந்து உப்புவெளியில் அக்கா வீட்டு விறாந்தையில் இருக்கிறேன். உள்ளே சீரியல் ஓடுகிறது. அழுகைச் சத்தம் வெளியே வருகிறது.

முதலே சொல்லிவிடுகிறேன், நான் விமர்சகன் இல்லை. இருபத்துநாலு வருடமாக வேலை முடிந்து வந்து சோபாவில் சாய்ந்து, பாதிப் படத்தில் தூங்கிப்போகிற ஆள்.

'கிம்ஸ் கன்வீனியன்ஸ்' பாருங்கள். 2016 தொடக்கம் 2021 வரை கனடாவின் சிபிசி டிவியில் ஓடியது. ரொறன்ரோவில் சில்லறைக் கடை நடத்தும் கொரியக் குடும்பத்தின் கதை. அந்த வீட்டுப் பிள்ளைகள் தகப்பனைக் கூப்பிடுவது 'அப்பா' என்றுதான். கொரிய மொழியிலும் அதே சொல். முதல் நாள் நான் குசினியில் நின்றபோது டிவியிலிருந்து 'அப்பா' என்று கேட்க, என் மகள்தான் கூப்பிடுகிறாள் என்று "என்னம்மா?" என்று வந்து நின்றேன். வீடே சிரித்தது. அந்தத் தகப்பன் பேசுவது உடைந்த இங்கிலீஷ், ஆனால் யாருக்கும் குனியமாட்டார். திருகோணமலையில் கடை வைத்திருந்த என் மாமாவும் அப்படித்தான். கடன் கொப்பியைப் பார்த்தபடியே ஆளை எடைபோட்டுவிடுவார். ஒரு பாகம் இருபத்திச்சொச்சம் நிமிடம்தான். ஒருமுறை கீழே ஓடும் எழுத்தை (சப்டைட்டில்) போட்டுப் பாருங்கள், அடுத்த நாள் அதே பாகத்தை எழுத்தில்லாமல் பாருங்கள். எனக்கு வகுப்பில் வராத இங்கிலீஷ் அப்படித்தான் வந்தது. அப்போது நான் பார்த்தவை வேறு நாடகங்கள், வழி மட்டும் இதுதான்.

ஐஸ் ஹொக்கி முழுவதும் பார்க்கத் தேவையில்லை. குளிர்காலச் சனி இரவுகளில் ரொறன்ரோ அணியான மேப்பிள் லீஃப்ஸ் வென்றதா தோற்றதா என்று தெரிந்தால் திங்கட்கிழமைக்குப் போதும். 1967க்குப் பிறகு அவர்கள் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கவில்லை. அதனால் "இந்த வருடமாவது?" என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுச் சும்மா இருங்கள், மிச்சத்தை அவர்களே கதைப்பார்கள்.

நெட்ஃபிளிக்ஸில் 2020இல் வந்த 'நெவர் ஹாவ் ஐ எவர்' பற்றியும் உங்களிடம் கேட்பார்கள், தமிழ்ப்பிள்ளை கதை என்பதால். அதில் தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் மிசிசாகாப் பிள்ளை, தாய் தகப்பன் நம் நாட்டுத் தமிழர். பதினையாயிரம் பேர் விண்ணப்பித்ததில் எடுபட்டவர். கெட்டிக்காரி. ஆனால் மகளோடு சேர்ந்து பார்க்கையில் பல இடங்களில் எனக்குத் திடீரென்று தண்ணீர்த் தாகம் வந்து எழும்பிப் போகவேண்டியிருந்தது. தனியாகப் பாருங்கள்.

'தீபன்' படத்தை மட்டும் இந்த முதல் குளிர்காலத்தில் தொடாதீர்கள். 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கியது, நம் எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்தது. முன்பின் தெரியாத ஒரு ஆண், ஒரு பெண், ஒரு சிறுமி மூவரும் குடும்பமென்று சொல்லிப் பிரான்சுக்குப் போகிறார்கள். அந்த முன்பாதி அப்படியே உண்மை. ஒரே அறையில் இருந்துகொண்டு ஒருவரோடொருவர் எப்படிக் கதைப்பது என்று தெரியாத அந்த மௌனத்தை நான் அனுபவித்திருக்கிறேன். கடைசியில் துவக்கு வெடி தொடங்கியதும் எனக்குப் படம் கைவிட்டுப் போய்விட்டது. யாரோ வேறு ஆளின் படம் போல.

வேலையிடத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இருந்தால் "அண்ணா, தெனாலி மாதிரிப் பேசுங்க" என்பார்கள். 2000இல் வந்த படம், கமல் நம் இலங்கைத் தமிழை நன்றாகத்தான் பிடித்திருந்தார், நானும் சிரித்துச் சிரித்துப் பார்த்தவன்தான். ஆனால் இருபது வருடமாக அதே வேண்டுகோள் என்றால் அலுக்கும், தம்பி. இப்போது 2025இல் வந்த, இலங்கைக் குடும்பம் ஒன்று தமிழ்நாட்டுக்குப் போகிற 'டூரிஸ்ட் ஃபேமிலி' படத்தைச் சொல்லி வாயை அடைக்கிறேன். நாங்கள் இலங்கை என்று அக்கம்பக்கத்தில் காட்டிக்கொள்ளக்கூடாது என்று மச்சான்காரன் எச்சரிக்கிற இடத்தில் எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் அடைத்தது. சசிகுமாரின் உச்சரிப்பு அங்கங்கே வழுக்கினாலும் மனம் நல்ல மனம்.

தமிழ் சனல் எல்லாம் தருகிறோம் என்று விற்கிற பெட்டிகளுக்கு ஒரு வருடக் காசை முன்கூட்டிக் கட்டாதீர்கள். நான் கட்டியது மூன்றாம் மாதம் கண்ணை மூடியது, விற்றவர் போனையும் மூடிவிட்டார். ரொறன்ரோ நூலக அட்டை இலவசம், தமிழ்ப் புத்தகமும் டிவிடியும் எடுக்கலாம்.

சீரியலைப் பார்ப்பது நேரவிரயமா என்றும் கேட்டீர்கள். விரயம்தான். ஆனால் 'எதிர்நீச்சல்' ஓடிய காலத்தில் ஊரில் இரவு ஒன்பதரை என்றால் கோடையில் ரொறன்ரோவில் நடுப்பகல், எனக்குச் சாப்பாட்டு நேரம். முடிந்த கையோடு அம்மா போன் எடுத்து அன்றைய பாகத்தைச் சொல்லுவா. ஆதி குணசேகரனைத் திட்டுவதில் அவவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். 2023 செப்டெம்பரில் அந்த வேடத்தில் நடித்த மாரிமுத்து இறந்த அன்று அதே அம்மா சாப்பிடவில்லை.

உங்கள் அம்மாவும் சீரியல் பார்க்கிறவவாகத்தான் இருப்பா. கதை சொல்லத் தொடங்கினால், யூடியூபில் முதலே பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள். "பிறகு?" என்று மட்டும் கேளுங்கள்.