காணியை ஈடு வைக்க முன்னம் பிள்ளையின் கொப்பியைப் பாருங்கள்

போன கிழமை ஒரு தாயும் மகளும் என்னிடம் வந்திருந்தார்கள். முல்லைத்தீவில் முத்தையன்கட்டுப் பக்கம். பிள்ளை உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, இரண்டாம் தடவையும் எழுதி இரண்டு சி, ஒரு எஸ். தாய் கதிரையில் இருந்ததுமே அழத் தொடங்கிவிட்டார். நானும் வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன், யோசிக்காதேங்கோ, பெறுபேறு மட்டும் வாழ்க்கையில்லை, அது இது என்று. கண்ணைத் துடைத்துவிட்டு அவர் சொன்னதைக் கேட்ட பிறகு ஆறுதல் சொல்லும் எண்ணமே எனக்குப் போய்விட்டது.

"சேர், கனடாவில இருக்கிற பெரியப்பா வெளிநாட்டில டொக்டருக்குப் படிப்பிக்கச் சொல்லுறார். பாதிக் காசு தாறன் எண்டவர். மிச்சத்துக்கு வயலை ஈடு வைக்கலாமெண்டு இருக்கிறம்."

அவருக்குச் சொன்னதையும், அந்தப் பிள்ளைக்கு நான் காட்டிய, வேலைத்தளத்தில் விபத்தைத் தடுக்கும் தொழிலையும்தான் இங்கே எழுதுகிறேன், இது ஒரு வீட்டுக் கதையில்லை என்பதால்.

தங்கச்சி, வயலை ஈடு வைக்காதீர்கள். ஏஜென்சிக்காரர் "இந்த ரிசல்ட் காணும்" என்றுதான் சொல்வார், அவருக்குக் கமிசன் அதில்தான். ஆறு வருடம் டொலரில் கட்ட வேண்டும். 2022 இல் இரண்டு மூன்று மாதத்துக்குள் ஒரு டொலர் 200 ரூபாயளவிலிருந்து 360 வரை போனதை மறந்துவிட்டோமா? அப்போது வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்க விட்டிருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். படித்து முடித்து வந்தாலும் இங்கே மருத்துவப் பேரவையின் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் டொக்டர். நீங்கள் மிதிவெடி அகற்றும் வேலை செய்கிறீர்கள். இலங்கை 2017 இல் மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தபோது, வெடிகளை அகற்றி முடிக்க ஏற்றுக்கொண்ட கெடு 2028 யூன். வேலை முடிய முடிய ஆட்களைக் குறைப்பார்கள். வட்டி மட்டும் குறையாது. பெரியப்பா தருவது பாதி, மீதிப் பாதியில் முறிவது உங்கள் முதுகு.

மூன்றாம் தடவை எழுத விடலாம்தான். பிள்ளையிடம் கேட்டேன், இல்லையென்று தலையாட்டினாள், கனநேரம் யோசிக்கவும் இல்லை. அதை நான் மதிக்கிறேன், நீங்களும் மதிக்கத்தான் வேண்டும். தாதியர் பயிற்சி, கல்வியியற் கல்லூரி, வங்கி எல்லாம் ஊரில் ஆளாளுக்குச் சொல்வார்கள், நான் அதற்குள் போகவில்லை.

நான் பார்த்தது அவளுடைய கொப்பியை. சோதனை முடிந்து ஐந்து மாதம் ஒரு கார்மென்ட்ஸில் வேலை செய்திருக்கிறாள். ஒருவரும் சொல்லாமல் தானாகவே எழுதியிருக்கிறாள்: "செவ்வாய், பின் கதவுக்கு முன்னால் துணிப்பெட்டி 14. வெள்ளி, 9. கதவு பாதிதான் திறக்குது." அடுத்த பக்கத்தில்: "இந்தக் கிழமை கையில் ஊசி ஏறினது 3 பேருக்கு. மூன்றும் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு. மூன்று பேரும் புது ஆக்கள்." சுப்பவைசரிடம் சொன்னாளாம், உன்ர வேலையைப் பார் என்று பதில் வந்ததாம். 2012 நவம்பரில் பங்களாதேஷில் தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலை எரிந்தபோது நூறு பேருக்கு மேல் செத்ததற்குத் தீ மட்டும் காரணமில்லை, வெளியே வரும் வழி அடைபட்டிருந்தது. அதை வாசித்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லையாம். வாசிக்காமலே பெட்டியை எண்ணியிருக்கிறாள்! இந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் உடற்கூற்றியல் மனப்பாடம் செய்ய வைக்கப் போகிறீர்களா?

இதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது, சேஃப்டி ஒபிசர். தமிழில் பாதுகாப்பு உத்தியோகத்தர் என்று சொன்னதும் கூட வந்த சித்தி "செக்கியூரிட்டி வேலைக்கோ?" என்று சிரித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, நம் பக்கம் அந்தச் சொல்லுக்கு கேற்றடியில் நிற்கும் ஆள் என்றுதான் அர்த்தம். இவர் வேறு ஆள். ஒரு வேலைத்தளத்தில் யாருக்கு, எங்கே, எப்படிக் காயமோ நோயோ வரக்கூடும் என்று முதலே கண்டுபிடித்து, வராமல் பண்ணும் ஒழுங்கைக் கட்டி எழுப்பி, அது கடதாசியில் மட்டும் கிடக்காமல் பார்த்துக்கொள்பவர்.

அந்த ஒழுங்கு எப்படியிருக்கும் என்று தாய்க்கு விளங்கப்படுத்த நான் கஷ்டப்படவில்லை, அவருடைய மிதிவெடி வேலையிலேயே அது இருக்கிறது. "மெடிக் வராத நாளில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "வேலை தொடங்கமாட்டம் சேர்." "டிடெக்டரை?" "காலமை சோதிச்சுப் பார்க்காமல் கொண்டு இறங்கேலாது." "முகக்கவசத்தைத் தூக்கிவிட்டால்?" "லீடர் உடன நிப்பாட்டிப் போடுவார், ஆரெண்டாலும்." அவ்வளவுதான், தங்கச்சி. ஊரில் எத்தனை பெண்கள் வருடக்கணக்காகக் கண்ணிவெடிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து வேலை செய்துவிட்டுப் பின்னேரம் வீட்டுக்கு வந்து சமைத்தார்கள். அதிர்ஷ்டத்தை நம்பியா அத்தனை காலமும் போய்வந்தார்கள்? காலைக் கூட்டம், ஆபத்தான எல்லையைக் காட்டும் சிவப்புத் தடி, எழுதி வைத்த நடைமுறை, எந்தத் தொழிலாளியும் வேலையை நிறுத்தலாம் என்ற உரிமை, இவைதான் காப்பாற்றின. இதில் பாதிகூட நம் அரிசி ஆலைகளிலும் கட்டட சைட்டுகளிலும் இல்லை.

வன்னியில் எல்லோருக்கும் தெரிந்த கிணற்றையே எடுங்கள். சேறு அள்ள வேண்டும், தண்ணீர் இறைக்க வேண்டும். மேலே வைத்த பம்ப் ஏழெட்டு மீற்றருக்குக் கீழேயிருந்து உறிஞ்சாது, அதனால் மண்ணெண்ணெய் பம்பைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குகிறார்கள். அது விடும் புகையில் காபன் மொனொக்சைட் இருக்கிறது, நிறமும் இல்லை, மணமும் இல்லை. இறங்கியவர் மயங்குகிறார், தூக்கப்போன தம்பியும் மயங்குகிறார், ஒரு வீட்டில் இரண்டு சாவு. "மாஸ்க் போட்டுக்கொண்டு இறங்குங்கோ" என்று சொல்கிறவர் சேஃப்டி ஒபிசரே இல்லை, துணி மாஸ்க் அந்த வாயுவைத் தடுக்காது. தெரிந்தவர் முதலில் கேட்பது, இயந்திரம் உள்ளே போகத்தான் வேண்டுமா என்று. நீர்மூழ்கிக் கரண்ட் பம்பை இறக்கலாம், ட்ரிப் சுவிட்ச் இருக்க வேண்டும், பம்ப் ஓடும்போது ஒருவரும் தண்ணீரில் நிற்கக் கூடாது. அதற்கும் வழியில்லாவிட்டால் ஆள் இறங்க முன்னம் காற்றைச் சோதித்து, உள்ளே நல்ல காற்று அடித்து, இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர், மயங்கினால் மேலிருந்தே இழுப்பது, பின்னால் ஒருவரும் குதிக்கக் கூடாது. ஆபத்தை அகற்று, முடியாவிட்டால் மாற்று, பிறகு தடுப்புப் போடு, பிறகு விதி வை, கையுறையும் ஹெல்மட்டும் கடைசியில். நம் முதலாளிமார் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், ஹெல்மட் வாங்குவது மலிவு என்பதால்.

நல்ல திட்டம் முதலாளியின் மேசையில் தொடங்கி, தொழிலாளியின் வாயால் வளர வேண்டும். முதலாளி கையெழுத்துப் போட்டால் போதாது, காசு ஒதுக்க வேண்டும், சைட்டுக்கு வரும்போது தானும் ஹெல்மட் போட வேண்டும். பிறகு மிசினில் நிற்கிற அக்காவிடம் போய், உங்களுக்கு எந்த இடத்தில் பயம் என்று கேட்க வேண்டும், அவ சொல்வது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அப்புறம் தப்பிய விபத்துகள். நெல் ஆலையில் பெல்ட் சாரத்தைப் பிடித்து இழுத்து, சாரம் கிழிந்து ஆள் தப்பிவிட்டார் என்று வையுங்கள். எல்லோரும் சிரித்துவிட்டுப் போவார்கள். சேஃப்டி ஒபிசர் அன்றைக்கே எழுதி, பெல்ட்டுக்கு மறைப்புப் போட வைத்து, அடுத்த மாதம் மறைப்பு அதே இடத்தில் இருக்கிறதா என்று திரும்பப் போய்ப் பார்ப்பார். கழற்றிப்போட்டிருந்தால் ஏன் என்று கேட்பார், பெரும்பாலும் எண்ணெய் விடக் கஷ்டமாக இருந்திருக்கும், மறைப்பை மாற்றிச் செய்ய வேண்டும். "விபத்தில்லா நாட்கள் 300" என்று போர்ட் தொங்கவிட்டு அதற்கு போனஸும் கொடுக்கும் இடங்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை, விரல் வெட்டினவர் போனஸுக்குப் பயந்து துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்வார்.

ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்கு மறைப்பு வேண்டும் என்பது புதுச் சட்டமில்லை, 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. இந்தத் துறைக்கென்று தேசிய தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவகம் 2009 இன் 38 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது, சான்றிதழ், டிப்ளோமா வகுப்புகள் அங்கே இருக்கின்றன. ஆனால் பிள்ளையை நேரே அங்கே அனுப்பச் சொல்லமாட்டேன்.

முதலில் ஒரு கைத்தொழில். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் இருக்கிறது, மின்சாரம், கட்டுமானம், உணவுத் தொழில்நுட்பம் என்று என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) படிப்புகள், வீட்டிலிருந்து போய்வரலாம், வயலை விற்கத் தேவையில்லை. வயரைத் தொட்டுப் பழகாதவர் மின் ஆபத்தைப் பற்றிச் சொன்னால் எந்த எலக்ட்ரீசியனும் கேட்கமாட்டார். அதோடு செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிப் பயிற்சி, ஆங்கிலம், கொஞ்சம் சிங்களம். மனேஜர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழ்த் தொழிலாளிக்குச் சரியாக விளங்கப்படுத்தக்கூடிய சேஃப்டி ஒபிசருக்கு இங்கே தனி மதிப்பு. பிறகு ஒன்றிரண்டு வருடம் ஒரு தளத்தில் வேலை, அதன் பிறகு டிப்ளோமா, சொந்தச் சம்பளத்தில்.

நெபோஷ் என்று ஒன்று சொல்வார்கள், வேலைப் பாதுகாப்புக்கான இங்கிலாந்துச் சான்றிதழ், உலகம் முழுக்கச் செல்லும், நல்லதுதான். ஆனால் "நெபோஷ் எடுத்தால் கட்டார் வேலை நிச்சயம்" என்று பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் காசு வாங்குகிறவர்களிடம் போகாதீர்கள். ஒரு நாளும் கட்டடச் சாரத்தில் ஏறாதவருக்கு அந்தக் கடதாசியால் ஒருவரும் வேலை கொடுக்கமாட்டார்கள். அனுபவத்தோடு எடுங்கள், முடிந்தால் கொம்பனியே கட்டட்டும்.

லேசான தொழில் என்று நான் சொல்லவில்லை. தொடக்கச் சம்பளத்தைக் கேட்டால் பெரியப்பா சிரிப்பார். வேலையை நிறுத்தச் சொல்கிற ஆளை சுப்பவைசருக்குப் பிடிக்காது, நட்டம் வந்தால் பழி இவளில்தான் விழும். பெம்பிளைப் பிள்ளை சைட்டில் எப்படி நிற்பாள் என்று சித்தி கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை, தாயைத்தான் பார்த்தேன். அவர் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

பெரியப்பாவுக்கு உதவ ஆசையென்றால் ஆங்கில வகுப்புக்கும் பஸ் காசுக்கும் அனுப்பட்டும், அது பெரிய உதவி. வேண்டாமென்று சொல்ல உங்களுக்குக் கூச்சமென்றால் நம்பரைத் தாருங்கள், நான் கதைக்கிறேன். வியாழக்கிழமை வரும்போது காணி உறுதியைக் கொண்டுவரத் தேவையில்லை, கொப்பியைக் கொண்டு வாங்கோ. கடைசிப் பக்கங்களை இன்னும் நான் வாசிக்கவில்லை.