வாசகர் கேட்டவை: ஹோசே ஆண்ட்ரேஸின் நிவாரணச் சமையல்

கேள்வி: பெரிய உணவகங்கள் நடத்தும் ஹோசே ஆண்ட்ரேஸ், புயல் அடித்த ஊர்களில் லட்சக்கணக்கில் சாப்பாடு போடுகிறாராமே! கரண்ட்கூட இல்லாத இடத்தில் எப்படி முடிகிறது?
– வாசகி, விருதுநகர்

பதில்: ஸ்பெயின்காரரான இவர், அந்நாட்டின் புகழ்பெற்ற 'எல் புல்லி' உணவகத்தில் சமையல் கலைஞர் ஃபெரான் அட்ரியாவிடம் தொழில் பழகியவர். வாஷிங்டனில் இவருடைய 'மினிபார்' உணவகம், சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிஷலின் நட்சத்திரங்கள் இரண்டு பெற்றது. 2010 ஹெய்தி நிலநடுக்கத்துக்குப் பின் 'வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன்' அமைப்பைத் தொடங்கினார்.

சூட்சுமம் இதுதான்: வெளியிலிருந்து எல்லாம் வந்து சேரட்டும் என்று உட்கார்ந்திருப்பதில்லை. அந்த ஊரில் தப்பி நிற்கும் உணவகம், பள்ளிச் சமையற்கட்டு, உணவு வண்டி, உள்ளூர்ச் சமையல்காரர்கள் எல்லாரையும் அன்றே வேலையில் இறக்கிவிடுவார். 2017-ல் மரியா புயலுக்குப் பின் கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவில், சான் ஹுவான் நகரத்து உணவகம் ஒன்றில் சான்கோச்சோ என்ற இறைச்சி, கிழங்குக் குழம்பில் ஆரம்பித்தார்கள். பிறகு பெரிய உள்ளரங்கம் ஒன்றின் சமையலறையும் சேர்ந்தது. 30 லட்சத்துக்கும் அதிகமான சாப்பாடு போனது. கையில் பிடித்துச் சாப்பிடச் சாண்ட்விச்சும் செய்தார்கள்; அதற்குத் தட்டு, கரண்டி, தண்ணீர் எதுவும் வேண்டாம்.

கேள்வி: இந்த வேலையில் ஆபத்து உண்டா?
– வாசகர், ஈரோடு

பதில்: உண்டு. 2024 ஏப்ரல் 1 அன்று காஸாவில் உணவை இறக்கிவிட்டுத் திரும்பிய இந்த அமைப்பினர் 7 பேர் இஸ்ரேலியத் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். போகும் வழியை ராணுவத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். மன்னிக்க முடியாத கொடுமை அது. நிறுத்திய வேலையை அந்த மாதக் கடைசியில் மறுபடி தொடங்கினார்கள்.

கேள்வி: அவர் செய்யும் பாயேயாவை எங்கள் வெள்ள முகாமில் செய்யலாமா?
– வாசகர், கடலூர்

பதில்: வேண்டாம். ஸ்பெயின் நாட்டு அரிசிச் சாப்பாடான பாயேயாவுக்கு அகலமான, ஆழமில்லாத சட்டி வேண்டும். அரிசி மெல்லிய அடுக்காகக் கிளறாமல் வேக வேண்டும். அதை அண்டாவில் வைத்தால் அடி பிடிக்கும், மேலே நறுக்கரிசியாக நிற்கும். இன்னொரு காரணமும் உண்டு: ஹெய்தி முகாமில் அவர் பீன்ஸை முழுசாக வேகவைத்தபோது, மசித்து வடிகட்டித்தான் சாப்பிடுவோம் என்றார்கள் அங்கிருந்த பெண்கள். அப்படியே செய்தார். முகாமில் இருப்பவர்கள் வீட்டில் என்ன சாப்பிடுவார்களோ அதையே போடுங்கள்.

100 பேருக்கு 10 கிலோ அரிசி, 1 கிலோ புளி, ஒன்றரை லிட்டர் நல்லெண்ணெய் வைத்துப் புளிசாதம் கிளறுங்கள். சோற்றை உதிரியாக வடித்து, சுத்தமான துணியில் பரப்பி ஆவி போனபின் புளிக்காய்ச்சலைச் சேருங்கள். சூட்டோடு பொட்டலம் கட்டினால் வியர்த்து ஊசிவிடும். தேங்காய், உருளைக்கிழங்கு சேர்க்காதீர்கள். சாம்பார் சாதம்தான் என்றால் கொதிக்கக் கொதிக்க மூடி எடுத்துப்போய், ஆறுவதற்குள் பரிமாறிவிடுங்கள்.