வளரும் உயிரி

அன்புள்ள ஐயா,

பெங்களூரு கிருஷ்ணராஜபுரத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் வசிக்கிறோம். ஆறு ஆண்டுகளில் இது மூன்றாவது வீடு. ஒவ்வொரு முறையும் சாமான் ஏற்ற வருபவர்கள் அட்டைப்பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "புக்ஸா?" என்று கேட்டுக் கூலியை உயர்த்துகிறார்கள். ஏறத்தாழ 1,400 நூல்கள் இருக்கின்றன. பாதியை இன்னும் படிக்கவில்லை. அலமாரி நிறைந்து, கட்டிலுக்கு அடியிலும் மகளின் படிப்பு மேசையிலும் அடுக்கி வைத்திருக்கிறேன். இருந்தும் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால் இரண்டு பைகளோடுதான் ரயில் ஏறுகிறேன். இனி ஒன்று வந்தால் ஒன்று வெளியேற வேண்டும் என்கிறார் கணவர். எதைக் கழிப்பது?

எஸ்.
பெங்களூரு

அன்புள்ள எஸ்.,

இந்தப் பதிலை எழுதும் மேசையில் கணினிக்கும் ஒரு தேநீர்க் கோப்பைக்கும் மட்டுமே இடம் மிஞ்சியிருப்பதால், அறிவுரை சொல்லும் தகுதி எனக்குக் குறைவுதான்.

சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, இறுதிக் காலத்தில் நம் பெங்களூரில் வாழ்ந்து 1972இல் மறைந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், நூலகவியலுக்கு வகுத்த ஐந்து விதிகளுள் கடைசி, நூலகம் ஒரு வளரும் உயிரி என்பது. புத்தகம் சேர்ப்பவர்கள் இதைத் தமக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டாகக் கொள்வதுண்டு. ஆனால் குழந்தை வளர்வது ஒரு விதம்; வளர்ந்தவரின் உடல், பழைய அணுக்களை உதிர்த்துப் புதியவற்றை ஆக்கிக்கொண்டு அதே அளவில் உயிர்த்திருப்பது இன்னொரு விதம். ஒரு நூல் 300 கிராம் என்று கொண்டாலும் 420 கிலோவைச் சுமந்து வீடு மாறும் ஒருவருக்கு இரண்டாம் விதமே பொருந்தும். அவ்வளவில் உங்கள் கணவர் சொல்வது சரி.

எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒன்றுக்கு ஒன்று என்று கழிப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அல்சூரிலிருந்து வீடு மாறியபோது, தடித்த அட்டை போட்ட ஆங்கில நாவல்களையெல்லாம் பத்திரமாகக் கட்டிவிட்டு, பரணில் கிடந்த மெலிந்த தமிழ்ச் சிற்றிதழ்க் கட்டு ஒன்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டேன். அந்த நாவல்களில் பெரும்பாலானவற்றைச் சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் இன்றும் பாதி விலைக்குப் பார்க்கிறேன். அந்த இதழ்களில் ஒன்றைக்கூட அதன்பின் நான் கண்டதில்லை. எனவே கையிலெடுக்கும் ஒவ்வொரு நூலிடமும் நான் கேட்கும் கேள்வி, 'நீ மறுபடி கிடைப்பாயா?' என்பது ஒன்றே. எளிதில் கிடைப்பது, எவ்வளவு சிறந்த நூலாயினும், போகலாம். சில நூறு பிரதிகள் அச்சாகி மறுபதிப்புக் காணாத தமிழ் நூல், சுமாரானதாயினும் இருக்கட்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியதால் இன்று அது சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக இருக்கிறது. நாம் ரோஜா முத்தையாக்கள் அல்லர், நமக்கு அவ்வளவு பெரிய வீடும் இல்லை. எனினும் எது குப்பை என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதிருக்க அந்த நினைவு உதவும்.

படிக்காத பாதியைப் பற்றிக் குற்ற உணர்வு வேண்டாம். வாங்கிய காரணமே மறந்துபோனவற்றை மட்டும் முதலில் வெளியே எடுங்கள்.

கட்டிலுக்கு அடியில் வைப்பதைத் தவிருங்கள். இவ்வூர் மழைக்காலத்தில் தரையும் சுவரும் ஈரம் கோத்துக்கொள்ளும். ராமபாணப் பூச்சி விரும்புவது அதைத்தான். அலமாரியையும் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுவது நல்லது. கழித்தவற்றை நூலகத்துக்குக் கொடுப்பதானால் பட்டியல் அனுப்பிக் கேட்டுவிட்டுக் கொண்டு செல்லுங்கள். கேட்காமல் இரண்டு பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிச் சென்று, இடமில்லை என்று அதே ஆட்டோவில் திருப்பி அனுப்பப்பட்டவன் நான்.

அப்பட்டியலில் பழைய சிற்றிதழ்கள் ஏதேனும் இருந்தால் முதலில் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். மேசையில் இடமில்லை என்று மேலே சொன்னதைப் பொருட்படுத்த வேண்டாம்.