மடிந்த காது, கையில் உள்ள சில வாரங்கள்: பச்சிளங்குழந்தையின் காது மடல் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: குழந்தை பிறந்து நான்கு நாள். வலது காதின் மேல்பகுதி மடிந்து தொங்குகிறது. "தானாகச் சரியாகிவிடும், விட்டுவிடுங்கள்" என்கிறார்கள். விடலாமா?

ஒரு வாரம் விடலாம், அதற்கு மேல் வேண்டாம். இப்படிப்பட்ட காதுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முதல் வாரத்திலேயே தானாக நிமிர்ந்துவிடும். மற்றவை பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். அவற்றை அறுவையில்லாமல், காதில் ஒரு கருவியைச் சில வாரம் பொருத்தி வடிவத்துக்குக் கொண்டுவரலாம். இதற்கு மோல்டிங் என்று பெயர். இன்றே நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எனப் படம் எடுத்துவையுங்கள். ஏழாம் நாள் அதே கோணத்தில் மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். மாற்றம் இல்லையென்றால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பிளாஸ்டிக் சர்ஜனையோ பார்க்க நேரம் வாங்கிவிடுங்கள். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுத்தான் பலர் வாய்ப்பை இழக்கிறார்கள்.

கேள்வி: அப்படி என்ன அவசரம்? ஆறு மாதத்தில் செய்தால் ஆகாதா?

தாயின் ஈஸ்ட்ரோஜன் பிறந்த சில நாட்களுக்குக் குழந்தையின் ரத்தத்தில் அதிகமாக இருக்கும். அதனால் காதுக் குருத்தெலும்பில் அதை மென்மையாக்கும் ஹையலூரானிக் அமிலம் கூடி, மடல் வளைத்த பக்கம் வளையும். ஏறக்குறைய ஆறு வாரத்துக்குள் அந்த ஹார்மோன் அளவு இறங்கிவிடும், குருத்தெலும்பும் விறைத்துக்கொள்ளும். ஈரக் களிமண்ணை வனைவதற்கும் காய்ந்ததை வளைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. மோல்டிங்கை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குவது உத்தமம், மூன்று வாரம் வரை நன்றாகவே பலன் கிடைக்கும். அதன்பின் தாமதிக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் கருவி காதில் இருக்க வேண்டிய காலம் நீளும், பலன் குறையும்.

கேள்வி: எந்தக் காதை இப்படிச் சரிசெய்யலாம், எதை முடியாது?

விரலால் மெதுவாக மடலைச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். அப்படி வந்தால் உறுப்பு முழுமையாக இருக்கிறது, வடிவம் மட்டும் பிசகியிருக்கிறது என்று பொருள். மேல்விளிம்பு மடிந்த காது, விளிம்பு நசுங்கிய காது, நுனி கூராக நீண்ட ஸ்டால் காது, மேல்பகுதி தலைத்தோலுக்குள் புதைந்த காது, வெளியே தள்ளி நிற்கும் காது எல்லாம் இந்த வகை. லேசாகச் சுருங்கிய கிண்ணக் காதும் ஓரளவு சரியாகும்.

மடலில் ஒரு பகுதியே இல்லாத மைக்ரோஷியா வேறு. இல்லாத குருத்தெலும்பை எந்த அச்சும் உண்டாக்காது. அந்தக் குழந்தைக்கு முதலில் வேண்டியது கேட்புத் திறன் பரிசோதனை. காதுத் துளையும் மூடியிருந்தால், எலும்பு வழியாக ஒலி கடத்தும் கருவியைத் தலைப்பட்டையில் பொருத்திச் சில மாதத்திலேயே கேட்க வைக்கலாம். மடலைக் கட்டமைக்கும் அறுவை பல ஆண்டு கழித்துத்தான், பேச்சு வளர்ச்சியோ அதுவரை காத்திருக்காது.

கேள்வி: மோல்டிங்கில் சரியாக என்ன செய்வார்கள்? குழந்தைக்கு வலிக்குமா?

மயக்க மருந்து தேவையில்லை. பால் குடித்துத் தூங்கும் நேரத்தில் செய்தால் பல குழந்தைகள் விழிப்பதுகூட இல்லை. காதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு முடியை மழித்து, தோலை ஸ்பிரிட்டால் துடைத்து முழுக்கக் காயவிடுவார்கள். எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ இருந்தால் ஒட்டு இரண்டே நாளில் கழன்றுவிடும். அன்று காலை தலையில் எண்ணெய் வைக்காதீர்கள்.

ஆயத்தக் கருவியில் மூன்று வேலை நடக்கிறது. காதுக்குப் பின்னால் ஒட்டும் தொட்டில் போன்ற பகுதி, உள்மடிப்பு விழ வேண்டிய இடத்தில் அணை கொடுக்கும். சிறு கொக்கிகள் வெளிவிளிம்பைப் பிடித்து நிறுத்தும். நடுக்குழியில் வைக்கும் மென்மையான துண்டு காது முன்னே தள்ளாமல் பார்த்துக்கொள்ளும். மேலே ஒரு மூடி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றித் தோலைப் பார்த்து மாற்றுவார்கள். மொத்தம் நான்கு முதல் ஆறு வாரம்.

எளிய குறைக்கு மெல்லிய சிலிகான் குழாய்க்குள் மென்கம்பி நுழைத்து, வெளிவிளிம்புக்கும் உள்மடிப்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் படியுமாறு வளைத்து, அறுவை டேப்பால் ஒட்டுவதும் உண்டு. தேர்ந்த கையில் இதுவும் நல்ல முறைதான்.

கேள்வி: அப்படியானால் வீட்டிலேயே டேப் ஒட்டிவிடலாமே?

கூடாது. அணை ஏதும் இல்லாமல் காதைத் தலையோடு அழுத்தி ஒட்டினால் உள்மடிப்பு தட்டையாகிவிடும், மடிந்த விளிம்பு இன்னும் கூர்மையாக மடியும். கம்பி முனை சரியாக மூடப்படாவிட்டால் தோலைக் குத்தும். பச்சிளங்குழந்தையின் தோல் டேப்போடு உரிந்தும் வரும்.

கேள்வி: கருவி வைத்து ஐந்து நாள். ஓரத்தில் சிவப்பாக இருக்கிறது. கழற்றிவிடவா?

ஒட்டு பட்ட இடத்தில் லேசான சிவப்பு வழக்கம்தான். ஆனால் புண், நீர்க்கசிவு, துர்நாற்றம், வீக்கம், காய்ச்சல், தொட்டால் வீறிட்டு அழுவது இதில் எது இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அழுத்தப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால் குருத்தெலும்புவரை தொற்று போகலாம். பெரும்பாலான நேரம் சில நாள் கழற்றிவைத்து, தோல் ஆறியதும் மீண்டும் பொருத்துவார்கள். வேர்வையும் ஈரமும்தான் முக்கியக் காரணம். எனவே தலைக்குக் குளிப்பாட்டாமல் துணியால் துடையுங்கள், இறுக்கமான தொப்பி போடாதீர்கள். குழந்தை மல்லாந்து தூங்குவதற்குக் கருவி தடையில்லை.

கேள்வி: மூன்று மாதக் குழந்தை. பிறந்தபோது சாதாரணமாக இருந்த காது இப்போது தள்ளி நிற்கிறது.

தள்ளி நிற்கும் காது சில குழந்தைகளுக்குப் பிறந்த பின்தான் தெரியவரும். இந்த வயதில் மோல்டிங் நிச்சயமான வழியல்ல. செய்தாலும் காலம் நீளும், பழைய நிலைக்குத் திரும்பும் வாய்ப்பும் அதிகம். தோலுக்குள் புதைந்த காது மட்டும் விதிவிலக்கு, சில மாதம் கழித்தும் ஓரளவு இணங்கும். உங்கள் குழந்தைக்கு அறுவை தேவையென்று பின்னால் தோன்றினால் ஐந்து, ஆறு வயதில் செய்யலாம். அதற்குள் மடல் பெரியவர்களின் அளவை நெருங்கிவிடும். இந்தக் குறையால் கேட்கும் திறன் கெடாது.

கேள்வி: கருவி இருக்கும்போது கேட்புத் திறன் பரிசோதனை செய்யலாமா?

பொருத்துவதற்கு முன்பே செய்துவிடுங்கள். துளை மறைந்தால் முடிவு தவறாக வரும்.

கேள்வி: காதுக்கு முன்னால் சிறு சதைத் துணுக்கு. நூல் கட்டினால் விழுந்துவிடுமாமே?

கட்டாதீர்கள். அதற்குள் குருத்தெலும்பு இருக்கலாம். நூல் கட்டினால் மேலே உள்ளது கறுத்து விழுந்து, அடிப்பகுதி தங்கிப்போகும், தொற்றும் வரலாம். அவசரமாக எடுக்க வேண்டியதில்லை. கேட்புத் திறன் பரிசோதனை முடிந்ததா என்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள்.