கனடாவின் ‘ரஷ்’ ராக் இசைக்குழுவின் ‘சப்டிவிஷன்ஸ்’ பாட்டை என் 15 வயது மகன் நாள் முழுக்கக் கேட்கிறான். அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

நீங்கள் டொரொன்டோவுக்கு வெளியே மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் புதுவீடு வாங்கிப் போனவர் என்று நினைக்கிறேன். எல்லாம் ஒரே அச்சு வீடுகள், நடந்துபோக ஒரு கடை கிடையாது. ‘சப்டிவிஷன்ஸ்’ என்றால் அப்படியான புறநகர்க் குடியிருப்புகள்; பாட்டு அந்தத் தெருவைப் பற்றியதுதான்.

1982இல் வந்த ‘சிக்னல்ஸ்’ இசைத்தட்டின் முதல் பாட்டு. எழுதியவர் டிரம்மர் நீல் பியர்ட், ஒன்ராறியோக்காரர். கூட்டத்தோடு ஒத்துப் போ, இல்லையென்றால் உன்னைச் சேர்க்கமாட்டோம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவரையொருவர் வெருட்டுகிற கதை. வெள்ளைக்காரரின் பாட்டு எங்களுக்கு எதற்கு என்று யாரும் வரவேண்டாம். பாடிய கெடி லீயின் பெற்றோர் நாசி முகாம்களில் உயிர் தப்பி வந்த போலந்து யூதர்கள். கிற்றார் வாசித்த அலெக்ஸ் லைஃப்சனின் பெற்றோர் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்கள்.

நான் 1991இல், 14 வயதில், யாழ்ப்பாணத்திலிருந்து டொரொன்டோப் பக்கம் ஸ்காபரோ வந்தேன். முதல் குளிருக்கு அம்மா பழைய உடுப்புக் கடையில் ஒரு ஊதாக் கோட் வாங்கித் தந்தா. தெறிகள் மாறிய பக்கம் இருந்தன. அது பெண்பிள்ளைகளின் கோட் என்று அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வகுப்புக்குத் தெரிந்தது. அதன்பிறகு கோட்டைப் பையில் சுருட்டி வைத்துவிட்டு ஸ்வெட்டரோடு பஸ்ஸுக்கு நின்றேன். இரண்டு வருடத்தில் எல்லாம் பழகிவிட்டேன்: எந்தச் சப்பாத்து, எந்தத் தொப்பி, மதியத்துக்குப் புட்டு கொண்டுபோகக் கூடாது.

அப்போதுதான் அந்தப் பையன் புதிதாக வந்தான். எண்ணெய் வைத்து வாரிய தலை. லொக்கரடியில் என்னிடம், “அண்ணா, கணக்கு வகுப்பு எங்க?” என்றான். என்னோடு நாலு பேர் நின்றார்கள். தமிழே விளங்காதவன்போல இங்கிலீசில் “என்ன?” என்று கேட்டேன். அவர்கள் சிரித்தார்கள். அவன் “சொறி” என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு 16 வயது, பயம். நியாயம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அதே வருடம் வேலையில் ஒருவர் தந்த கசற்றில் இந்தப் பாட்டைக் கேட்டேன். தொடக்கத்து சிந்தசைசர் ஏழு எண்ணிக்கை. மிருதங்க வகுப்பில் பழகிய மிஸ்ர சாபு தாளம், கை தானாகத் தொடையில் தட்டியது. ஊதாக் கோட்டை நினைத்துக்கொண்டுதான் கேட்டேன். சொல் விளங்க விளங்க அந்தப் பையனின் முகம்தான் வந்தது.

இவ்வளவு செய்த குழுவுக்குக் கிடைத்த மரியாதை என்ன? கீபோர்ட் கூடிப்போச்சு, கிற்றார் அமுங்கிப்போச்சு என்று பழைய ரசிகர்களே குறை சொன்னார்கள். கிளீவ்லாந்தின் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் தகுதி வந்து பல வருடம் இழுத்தடித்து 2013இல்தான் உள்ளே எடுத்தது. பியர்ட் 2020இல் இறந்துபோய்விட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

மகனிடம் பாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். மதியம் யாரோடு இருந்து சாப்பிடுகிறான் என்று மட்டும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பையனோடு பிறகும் இரண்டு வருடம் ஒரே பஸ்ஸில் போனேன். கண்டால் இங்கிலீசில் “ஹாய்” என்பான். தமிழில் ஒரு சொல் கதைத்ததில்லை.