"ஒண்ணும் ஆகாதுல்லம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கும் மகனுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு படிக்கிறான். ஏழெட்டு மாதமாகப் பள்ளி விட்டு வந்ததும் குழாயடியில் 20 நிமிடம் நின்று கை கழுவுகிறான். புறங்கை வெடித்து ரத்தம் கசிகிறது. மூன்று வயதுத் தங்கையைத் தொட்டுவிட்டால் என்னிடம் ஓடிவந்து, "நான் தொட்டதால பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்லம்மா?" என்பான். "ஒண்ணும் ஆகாது" என்று அதே வார்த்தையில் நான் சொல்ல வேண்டும். "சரிடா, போ" என்றால் மறுபடி முதலிலிருந்து கேட்பான். அவன் சொல்கிறபடி நானும் இரண்டு முறை கை கழுவிவிட்டுத்தான் சோறு போடுகிறேன். ஒருநாள் அவன் அப்பா பொறுமை இழந்து அடித்துவிட்டார். மாமியாரோ, "பிள்ளை சுத்தம் பார்க்கிறான், விடு" என்கிறார். மனநல மருத்துவர் ஓ.சி.டி. என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். பயத்தில் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அவன் கேட்கும்போது நான் பதில் சொல்லலாமா, கூடாதா?

பதில்: அந்தப் பதிலை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் இன்றைக்கே வேண்டாம், அவனிடம் சொல்லாமலும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

ஓ.சி.டி.யைத் தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்கிறோம். பொருத்தமான பெயர்தான். அழைக்காமலே ஒரு எண்ணம் வந்து நிற்கும்: "என் கையிலிருக்கும் கிருமி பாப்பாவுக்குப் போய்விட்டால்?" கூடவே வயிற்றைப் பிசையும் பயம். கையைக் கழுவினால், அம்மாவின் வாயால் "ஒண்ணும் ஆகாது" என்று கேட்டுவிட்டால், பயம் சட்டென்று இறங்கும். அந்த நிம்மதி கொஞ்ச நேரம்தான். ஆனால் "கழுவினதாலதான் தப்பிச்சோம்" என்று மூளை பாடம் படித்துக்கொள்ளும். அடுத்த முறை பயம் இன்னும் வேகமாக வரும், இன்னும் அதிகமாகக் கழுவச் சொல்லும். சிரங்கைச் சொறிகிற மாதிரிதான். சொறியும்போது சுகமாக இருக்கும், புண் பெரிதாகிக்கொண்டே போகும்.

இதில் உங்கள் "ஒண்ணும் ஆகாது" எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறீர்கள். அவனுக்கோ அதுவும் கை கழுவுவதைப் போல ஒரு சடங்கு. வார்த்தை மாறினால் அவன் ஏற்றுக்கொள்ளாததே அதற்கு அடையாளம். தகவல் வேண்டும் என்று கேட்கிற பிள்ளைக்கு எந்த வார்த்தையில் சொன்னாலும் போதும்.

இதை உங்கள் தவறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நோய் உள்ள குழந்தைகளின் பெற்றோரில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். பிள்ளை துடிக்கும்போது எந்தத் தாய்க்கும் கை தானாகத்தான் நீளும். நோய் உங்கள் வளர்ப்பால் வந்ததும் இல்லை. பரம்பரைக்கும் மூளையின் சில சுற்றுகள் இயங்கும் விதத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. 100 குழந்தைகளில் ஒன்றிரண்டு பேருக்கு இது இருக்கிறது. அநேகமாக அவன் பள்ளியிலேயே இன்னும் சிலர் இதை யாரிடமும் சொல்லாமல் மறைத்துக்கொண்டிருப்பார்கள்.

வெளியே கேட்கத் தயங்கி உங்களுக்குள் ஒரு பயம் இருக்கலாம். "பாப்பாவுக்கு ஏதாவது ஆகிடுமோ" என்று சதா நினைப்பவன் அவளை ஏதாவது செய்துவிடுவானோ என்று. மாட்டான். பிள்ளைக்கு யார் மேல் உயிரோ அவர்களைச் சுற்றித்தான் இந்த நோய் பெரும்பாலும் வலை பின்னும். தங்கையை அவனிடமிருந்து தள்ளி வைக்காதீர்கள். அப்படி வைத்தால், "அம்மாவே நம்மளைப் பார்த்துப் பயப்படுறாங்க" என்று அவன் பயம் உறுதியாகிவிடும்.

மாமியாருக்கும் ஒரு வார்த்தை. சுத்தம் பார்ப்பவர் கழுவி முடித்ததும் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். உங்கள் மகனால் அது முடியவில்லை. தோல் வெடித்த பிறகும் கழுவுகிறான். ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் போகிறதென்றாலோ, படிப்பும் விளையாட்டும் கெடுகிறதென்றாலோ அது பழக்கமில்லை, நோய். பாட்டி படுக்கப் போகும்போது திருநீறு பூசிவிடுவதில் தப்பே இல்லை. ஆனால் அவன் பயந்து ஓடிவரும் ஒவ்வொரு முறையும் பூசினால் கொஞ்ச நாளில் திருநீறும் சடங்கில் சேர்ந்துவிடும். மூன்று விரல் சரியாக விழவில்லை, அழித்துவிட்டு மறுபடி பூசு என்று ஆரம்பித்துவிடுவான். இதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

அப்பா அடித்ததைப் பற்றி: அவருக்கும் தாங்கவில்லை, புரிகிறது. ஆனால் அடியும் திட்டும் பதற்றத்தைக் கூட்டும், பதற்றம் கூடினால் கழுவுவதும் கூடும். குழாயை மூடி வைத்தால், பல பிள்ளைகள் மனசுக்குள்ளேயே எண்ணுவது, வேண்டுவது என்று கண்ணுக்குத் தெரியாத சடங்குகளுக்குப் போய்விடுகிறார்கள். அப்புறம் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

சரி, எப்படி நிறுத்துவது? முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். ஒரு பழைய நோட்டில், அவனுக்காக நீங்கள் செய்வதை மட்டும் குறித்து வாருங்கள். இன்று எத்தனை முறை பதில் சொன்னேன், எத்தனை முறை கை கழுவினேன், எத்தனை சோப்பு வாங்கினேன். எண்ணிக்கை உங்களையே திடுக்கிட வைக்கும்.

அடுத்து, அவன் பதற்றமில்லாமல் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் நீங்களும் அவனோடு உட்காருங்கள். இது நோய், உன் குணம் இல்லை என்று சொல்லுங்கள். அதற்கு அவனையே ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள். என்னிடம் வந்த ஒரு சிறுமி 'தொணதொணா' என்று வைத்தாள். பெயர் வைத்துவிட்டால் சண்டை பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நடுவில் இருக்காது, மூன்று பேரும் ஒரு பக்கம், தொணதொணா எதிர்ப்பக்கம். பிறகு பயத்துக்கு மார்க் போடச் சொல்லுங்கள், பத்துக்கு எத்தனை என்று. பள்ளிப் பையைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்க 3, பஸ் கம்பியைப் பிடித்துவிட்டுக் கழுவாமல் இருக்க 6, பாப்பாவைத் தூக்கிவிட்டு உங்களிடம் கேட்காமல் இருக்க 9 என்று ஒரு ஏணி கிடைக்கும். மூன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒன்பதை முதல் நாளே இழுக்காதீர்கள்.

பாப்பா கேள்விக்கு முறை வரும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "நாளையிலிருந்து இந்தக் கேள்விக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மா பதில் சொல்ல மாட்டேன்." முதலில் அந்த ஒரு நேரம் மட்டும், பிறகு நாள் முழுக்க. அவன் கேட்டதும் இப்படிச் சொல்லுங்கள்: "இது தொணதொணா கேட்கிறது கண்ணா. அதுக்குப் பதில் சொல்ல மாட்டேன். உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது, உன்னால தாங்க முடியும். நான் பக்கத்திலேயே இருக்கேன்." அவ்வளவுதான். விளக்கம் வேண்டாம், விவாதம் வேண்டாம். "கிருமி அப்படியெல்லாம் பரவாதுடா" என்று அறிவியல் பாடம் எடுப்பதும் வேறு உருவில் அதே ஆறுதல்தான்.

முதல் சில நாட்கள் மோசமாகும். அழுவான், கத்துவான், "உனக்குப் பாப்பா மேல அக்கறையே இல்லை" என்பான். அரை மணி நேரம்கூடப் போகலாம். உட்கார்ந்திருங்கள். ஏறிய பயம் தானாகவே இறங்கும் என்பதை அவன் உடம்பு கற்றுக்கொள்ள வேறு வழியில்லை. 15-வது முறை கேட்கும்போது மனம் இளகிப் பதில் சொல்லிவிட்டால், 15 முறை கேட்டால் கிடைக்கும் என்றுதான் கற்றுக்கொள்வான். ஆகவே தாங்க முடியும் என்று நினைக்கிற அளவுக்கு மட்டும் தொடங்குங்கள். அப்பாவும் பாட்டியும் அதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும், அம்மா சொல்லாததைப் பாட்டியிடம் வாங்கிக்கொள்ள வழி இருக்கக் கூடாது.

உங்கள் கை கழுவலை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறையுங்கள், அதையும் அவனிடம் சொல்லிவிட்டு. சாப்பாட்டுக்கு முன்னும் கழிப்பறைக்குப் பின்னும் சோப்புப் போட்டு 20 விநாடி என்பது எல்லோருக்குமான கணக்கு, அது அவனுக்கும் உண்டு. வெடித்த கைக்குத் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவுங்கள். ஆறாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது நான் சொன்னது ஈ.ஆர்.பி. என்ற சிகிச்சையின் வீட்டுப் பகுதி. பயத்தை எதிர்கொள்ள வைத்து, சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்குவது. 1966-ல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் லண்டனில் இந்த முறையில் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றி எழுதினார். இன்று வரை ஓ.சி.டி.க்கு இதுதான் முதன்மையான உளவியல் சிகிச்சை. வீட்டில் மட்டும் செய்து முடிக்கக்கூடியது இல்லை, ஏணியைப் போட்டு வழிநடத்தப் பயிற்சி பெற்ற உளவியலாளர் வேண்டும். பிள்ளை வரவே மாட்டேன் என்றாலும் வழி இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் உருவாக்கிய முறையில் பெற்றோர் மட்டுமே சிகிச்சைக்குப் போகிறார்கள், தங்கள் பதில்களை மாற்றிக்கொள்கிறார்கள். பதற்றக் கோளாறு உள்ள குழந்தைகளிடம் நடத்தி 2020-ல் வெளியான ஆய்வில், பிள்ளைக்கே நேரடியாக உளவியல் சிகிச்சை கொடுத்ததற்கு அது குறைந்ததாக இல்லை.

மாத்திரை. 2004-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 7 முதல் 17 வயது வரை ஓ.சி.டி. உள்ள 112 பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்து 12 வாரம் பார்த்தார்கள். மாத்திரையும் உளவியல் சிகிச்சையும் சேர்ந்து கிடைத்தவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் நோய் ஏறக்குறைய இல்லை என்ற நிலைக்கு வந்தார்கள். உளவியல் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம், செர்ட்ராலின் மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 21 சதவீதம், மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் 4 சதவீதம். ஆகவே வெறும் சீட்டோடு அனுப்பினால் உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: "ஈ.ஆர்.பி. யாரிடம் பார்க்கலாம்?" லேசான நோய்க்கு உளவியல் சிகிச்சையோடு தொடங்குவது வழக்கம். ரத்தம் கசியும் அளவுக்கு வந்துவிட்ட உங்கள் மகனுக்கு அவர் மாத்திரை எழுதியதில் எனக்கு வியப்பில்லை.

இந்த மாத்திரைகளுக்குப் பிள்ளை அடிமையாக மாட்டான். ஆனால் உடனே வேலை செய்யாது, 8 முதல் 12 வாரம் ஆகலாம். மூன்றாம் வாரத்தில் "பலனில்லை" என்று நிறுத்துபவர்கள் நிறையப் பேர். தொடக்கத்தில் வயிற்றுக் கோளாறு, தூக்கக் குறைவு, படபடப்பு வரலாம். சிறுவர்களில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் தோன்றக்கூடும் என்று 2004-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்திருக்கிறது. அரிதுதான், ஆனாலும் முதல் சில வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் அவன் பேச்சையும் நடத்தையையும் கூர்ந்து கவனியுங்கள். அப்படி ஏதாவது தென்பட்டால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். குணம் தெரிந்த பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓ.சி.டி.க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். நள்ளிரவில் அவன் அழுகையும் உங்கள் அழுகையும் சேர்ந்துகொண்டால் அங்கே கூப்பிடுங்கள்.

வகுப்பாசிரியரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். அவன் கை கழுவக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அனுப்பவும் வேண்டாம், வகுப்பு முன்னால் கேலியும் வேண்டாம்.

முழுசாகப் போய்விடுமா என்று உங்களுக்குத் தோன்றும். சில பிள்ளைகளுக்குப் போய்விடுகிறது. சிலருக்குப் பரீட்சை நேரத்திலோ புதுப் பள்ளியிலோ தலைகாட்டும், ஆனால் கற்றுக்கொண்டதை வைத்துச் சமாளித்துவிடுகிறார்கள்.

ஒருநாள் அவன் பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, உங்களிடம் எதுவும் கேட்காமல் விளையாடப் போவான். அப்போது "இன்னைக்கு நீ கேட்கவே இல்லையேடா!" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், உடனே ஞாபகம் வந்து கேட்டுவிடுவான். ராத்திரி அவன் தூங்கிய பிறகு அந்தப் பழைய நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.