வரப்பில் மண்டும் கரிசலாங்கண்ணி பாத்தியில் ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர். வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் வெள்ளைக் கரிசலாங்கண்ணி மண்டிக் கிடக்கிறது. கேட்டு வாங்க ஆள் இருப்பதால் இருபது குழி நிலத்தில் பயிராக்க நினைத்து, விதை சேகரித்துப் பாத்தியில் தூவி, மண் போட்டு மூடினேன். ஒரு மாதமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணிதான் உசத்தி என்று நாற்றுத் தருகிறார்கள். எதை நடலாம்?

பதில்: மண் போட்டு மூடியதுதான் காரணம். கரிசலாங்கண்ணி விதை வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். வரப்பைக் கவனித்துப் பாருங்கள். விதை ஈரச் சேற்றின் மேலேயே விழுந்து, அங்கேயே வெயிலைப் பார்த்து முளைக்கிறது. உள்ளே புதைந்த விதை மறுபடி உழுது மேலே வரும்வரை அப்படியே கிடக்கும். நானும் முதல் தடவை கீரை விதைக்கிற பழக்கத்தில் மூடிவிட்டு ஏமாந்தேன்.

இந்த முறை நாற்றங்கால் மண்ணை நன்றாகப் பொடியாக்கி, மக்கிய எரு கலந்து, தண்ணீர் தெளித்துச் சமப்படுத்துங்கள். பூ கருகிக் கறுத்த தலைகளிலிருந்து விதையை உதிர்த்து, நான்கு பங்கு உலர்ந்த மணலோடு கலந்து மேலாகத் தூவுங்கள். உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும், மூட வேண்டாம். அப்புறம் பூவாளியால்தான் தண்ணீர். வாய்க்கால் தண்ணீரைத் திறந்துவிட்டால் விதை ஒரு மூலைக்குப் போய்விடும். நம் களிமண் காய்ந்து ஓடு கட்டினாலும் முளை வராது என்பதால், முளைக்கும்வரை மேல்மண் ஈரம் போகக் கூடாது.

இருபது குழிதான் என்பதால் தண்டு வைத்தே தொடங்கலாம் என்பது என் கருத்து. ஈர மண்ணைத் தொடும் கணுவிலெல்லாம் இது வேர் விடும். ஒரு சாண் நீள நுனித்தண்டுகளை இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி, சாணுக்கு ஒன்றாக ஊன்றுங்கள்.

நடும் பட்டம் (பருவம்) தண்ணீரைப் பொறுத்தது. பம்புசெட் இருந்தால் சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் நடலாம். ஆற்றுப் பாசனம் மட்டும் என்றால், வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தபிறகு நடுங்கள். ஈரம் பிடிக்கும் செடிதான், ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள்கணக்கில் முழுகினால் இலை அழுகும். மேட்டுப்பாத்தி போட்டு வடிகால் விடுங்கள்.

பூ எடுக்கத் தொடங்கியதும் தரையிலிருந்து நாலு விரல் விட்டு அறுங்கள், மறுபடி தழைக்கும். விதை கட்டும்வரை விட்டால் பக்கத்து நெல் வயலுக்கும் இது களையாகிவிடும். அறுத்ததைக் குவித்து வைத்தால் சூடேறிக் கெடும். நிழலில் மெல்லியதாகப் பரப்பிப் புரட்டிவிடுங்கள். எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால், விலை பேசும்போது பச்சையா காய்ந்ததா என்று தெளிவாகப் பேசுங்கள். கசக்கினால் கை கறுப்பது இந்தச் செடியின் இயல்பு, பயப்பட வேண்டாம். ஆனால் வரப்பில் இருப்பதை மட்டும் தயவுசெய்து மருந்துக்கு விற்காதீர்கள். வயலுக்கு அடித்த களைக்கொல்லி அதன் மேலும் பட்டிருக்கும்.

நர்சரி நாற்றை வாங்குமுன் இலையைப் பாருங்கள். உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை குறுகி நீண்டிருக்கும். பளபளப்பான அகன்ற இலை நுனிப்பக்கம் மூன்று மடலாகப் பிரிந்திருந்தால், அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காக வந்த தரைக்கொடி. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களில் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டது. சாலை நடுத்திட்டுகளில் பார்த்திருப்பீர்கள். அதைக் கரிசலாங்கண்ணி என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். வாய்க்கால் கரையில் ஒரு துண்டு விழுந்தாலே வேர்பிடித்துப் படரும், உங்கள் நிலத்துக்குள் கொண்டுவராதீர்கள். உங்களிடம் வாங்குபவர் கேட்பது வெள்ளை என்றால் அதையே நடுங்கள். நாற்றுக்குக் காசு கொடுக்கவே வேண்டாம், தண்டு உங்கள் வரப்பிலேயே இருக்கிறது.